நூற்றுக்கு நூறு ஒத்துப்போன குற்றம்

அக்கா இறந்த ஐந்தாம் நாள், அவள் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. "எங்கள் முன்னாள் ஏழு ஏ அவர்களின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று அச்சடித்திருந்தார்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் இருக்கை எண் வந்துவிட்டது. அம்மா என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "போகட்டும், நம்பரையாவது மாத்திப் போடாம இருந்தாங்களே" என்றாள்.

எனக்கு உறுத்தியது எண் அல்ல, 'ஈடுசெய்ய முடியாத' என்ற சொல். அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் அக்கா விஷயத்தில் இதற்கு நேர்மாறாக ஒரு முடிவு எடுத்திருந்தது. அதை முறைப்படி எழுத்திலும் கொடுத்திருந்தது.

அந்த ஆபீஸ் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. கீழே லாரியிலிருந்து டைல்ஸ் இறக்கும்போதெல்லாம் மேலே மேஜைகள் அதிரும். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்குப் பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். இருபத்தெட்டு பேர் வரிசையாக உட்கார்ந்து, புறங்கையை முகவாய்க்கு அடியில் முட்டுக் கொடுத்து, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். கூரியர் கொண்டுவந்த ஒருவர் அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "கிராம்பு வெச்சுக் கடிங்க மேடம், வலி நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

வலி ஒன்றுமில்லை. அது வேலை. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று குழந்தைகளுக்கான ஆங்கில அகராதிகள் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சொற்கள் ஒட்டி ஒரு சொல்லாக ஆன கூட்டுச்சொற்கள் எல்லாம் அக்காவின் ஆபீஸுக்கு வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று குறி போட வேண்டும். எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று ஒரு கோடு. எத்தனை அசை என்று புள்ளிகள். எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்று தலைக்கு மேல் ஒரு சின்னக் கீற்று. அசையை எண்ணத்தான் அந்தப் புறங்கை. சொல்லை வாய்விட்டுச் சொன்னால் ஒவ்வோர் அசைக்கும் முகவாய் ஒரு தடவை இறங்கிக் கையைத் தொடும். கிராஸ்ஹாப்பர் என்றால் மூன்று தடவை. பெரும்பாலும் அழுத்தம் முதல் பகுதியில் விழும். ஆனால் ஆஃப்டர்நூன் மாதிரி சில சொற்கள் அதைக் கடைசிவரை பிடித்துவைத்திருந்து இறக்கும். "அது நம்ம பெரியம்மா மாதிரி. நல்லா சிரிச்சுப் பேசிட்டே வருவாங்க, கடைசில ஒரு குத்து" என்பாள் அக்கா.

ஆபீஸில் டூத்பிரஷுக்கு இரண்டே அசை என்று கோடு போட்டுவிட்டு வருகிறவள், காலையில் வீட்டில் "என் டூத்துப்பிரஷ்ஷு எங்கடி?" என்று ஐந்து அசையில் கத்துவாள். நான் விரல் விட்டு எண்ணிக் காட்டினால், "அது ஆபீஸ் வாய். இது வீட்டு வாய். ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தான்" என்பாள். இவ்வளவு வேலை செய்தவளுக்கு ஆங்கிலத்தில் பேச வராது. பேங்கிலிருந்து போன் வந்தால் என் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். "தனித்தனி வார்த்தையா கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன். அவங்க மொத்தமா சேர்த்து இல்ல பேசுறாங்க?"

கல்யாணப் பேச்சு எடுத்து வந்தவர்களிடம் இந்த வேலையை விளக்குவது அம்மாவுக்குப் பெரும் பாடாக இருந்தது. ஒரு தடவை பெரியம்மாவே கேட்டாள்.

"இங்கிலீஷ் வார்த்தையை உடைக்கிறாளாமே? உடைச்சு என்ன பண்ணுவாங்க? திரும்ப ஒட்டுவாங்களா?"

"ஒட்டியிருக்கிறதை உடைக்கிறதோட அவ வேலை முடிஞ்சுது. நம்ம குடும்பத்துல இது புதுசா என்ன?" என்றாள் அம்மா. பெரியம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஆபீஸில் முக்கியமான ஏற்பாடு ஜோடி முறை. ஒரே பட்டியலை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. வெள்ளிக்கிழமை இரண்டு பேருடைய குறிகளையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து நூற்றுக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம். ஏ பக்கத்தில் இருப்பவரின் குறிதான் புத்தகத்துக்குப் போகும். பி பக்கம் சரிபார்க்க மட்டும். அக்கா ஏழாம் ஜோடியின் ஏ பக்கம். ஆகவே ஏழு ஏ. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஏழு பி. பஸ் நம்பர் மாதிரிதான் எல்லோரையும் கூப்பிடுவார்கள்.

விதிப்புத்தகம் நாலாம் பக்கத்தில் இன்னும் சில உண்டு. ஒரே ஜோடியில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. சேர்ந்து டீ குடிக்கக் கூடாது. நண்பராகவோ உறவினராகவோ இருக்கக் கூடாது. படிக்கட்டில் எதிரெதிரே வர நேர்ந்தால் ஒருவர் சுவரைப் பார்த்து நின்று மற்றவருக்கு வழி விட வேண்டும். அந்தச் சுவரில் தீ பிடித்தால் எப்படி வெளியேறுவது என்ற அறிவிப்பு மாட்டியிருந்தது. பதினோரு வருடத்தில் அக்காவுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

"பேசக் கூடாது, பார்க்கக் கூடாது, ஆனா பேரு மட்டும் ஜோடி" என்று அம்மா ஒருநாள் கணக்குப் பார்த்தாள். "நானும் உங்கப்பாவும் இருபது வருஷம் செஞ்ச வேலைதான். எங்களுக்குத்தான் யாரும் மாசம் பொறந்தா சம்பளம் தரல."

ஏழு பி-யைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் தடுப்பைத் தாண்டி வந்த சத்தங்கள்தான். கடினமான சொல் வந்தால் ஒரு கனைப்பு. மழைக்காலத்தில் இருமல் மிட்டாயின் வாசம். மின்சாரம் போனால் "சரிதான்" என்று ஒரு சொல். அதை அக்கா வீட்டுக்கு வந்து, எந்த அசையில் அழுத்தினார் என்பது உட்பட, அப்படியே சொல்லிக் காட்டுவாள். முகம் எப்படி என்று நான் கேட்டால், "ஏதோ இருக்கும், எல்லாருக்கும் இருக்கிற மாதிரி" என்பாள்.

ஒரு வருடம் ஏழாம் ஜோடிக்குச் சிறந்த ஜோடி விருது கிடைத்தது. விதிப்படி இருவரும் ஒரே மேடையில் நிற்க முடியாது. அக்கா காலையில் போய் வாங்கினாள், அவர் மாலையில். போட்டோவைத் தனித்தனியாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டினார்கள். ஒட்டியவர் அவசரத்தில் அக்காவின் தோளில் அவருடைய கை இருப்பது போல் ஒட்டிவிட்டார். விதிமீறல் என்று அந்தப் படத்தை அன்றைக்கே அறிவிப்புப் பலகையிலிருந்து கழற்றினார்கள். சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான். ஆறு மாதம் அவர் வீட்டில், ஆறு மாதம் எங்கள் வீட்டில் என்று முடிவாகி, மேனேஜர் வழியாக உறையில் போய்வந்தது.

அந்த மேனேஜரை ஆபீஸில் தரம் சார் என்பார்கள். தரத்தைப் பார்ப்பது அவர் பொறுப்பு. அதற்கு முன் பிஸ்கட் கம்பெனியில் பொட்டலங்களை எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

பதினோராம் வருடம் வினை வந்தது. ஏழாம் ஜோடியின் ஒப்பு தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று ஏறி, ஒரு வெள்ளிக்கிழமை நூறைத் தொட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரமும் நூறு. கொஞ்சம் பேர் தட்டினார்கள். மூன்றாம் வாரமும் நூறு வந்தபோது யாரும் தட்டவில்லை. தரம் சார் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். அங்கே நடந்ததை அக்கா எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

"உட்காருங்கம்மா. நூறு பிஸ்கட் பாக்கெட் எடுத்தா ரெண்டு உடைஞ்சிருக்கும். ஒண்ணு கூட உடையலைன்னா என்ன அர்த்தம்?"

"நல்லா பேக் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம் சார்."

"இல்லம்மா. எண்ணுறவன் பொய் சொல்றான்னு அர்த்தம். சொல்லுங்க, யாரு யாரைப் பார்த்து எழுதுறீங்க?"

"யாரும் யாரையும் பார்க்கல சார். நான் வார்த்தையைப் பார்க்கிறேன். அவரும் அதையேதான் பார்க்கிறார்."

"அவர் எதைப் பார்க்கிறார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்போ நீங்க அவரைப் பார்க்கிறீங்க!"

அட்டையை எடுத்துவிட்டுப் பிளைவுட் வைத்தார்கள். நூறு. பிளைவுட்டைக் கூரைவரை உயர்த்தினார்கள். நூறு. ஏழு பி-யை மேஜையோடு தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். அப்போதும் நூறு. தூரம் கூடக் கூடச் சந்தேகமும் கூடியது. இவ்வளவு தூரத்திலிருந்து காப்பி அடிப்பவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும் என்று தரம் சாருக்கு ஒரு பக்கம் மரியாதைகூட வந்துவிட்டது.

பதிப்பகம் அதற்குள் ஒரு ஆதாரத்தை அனுப்பியது. நெருப்பைக் குறிக்கும் ஃபயர் என்ற சொல் ஒட்டிய பதினொரு கூட்டுச்சொற்கள் அந்த மாதம் ஏழாம் ஜோடிக்கு வந்திருந்தன. பதிப்பகத்தின் கணக்கில் ஃபயர் ஓர் அசை. அக்காவும் அவரும் பதினொன்றிலும் இரண்டு அசையாகப் போட்டிருந்தார்கள். எங்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு முகவாய் இரண்டு தடவை இறங்கும். அந்த ஆபீஸில் யாருடைய முகவாயும் அப்படித்தான் இறங்கும், தரம் சாருடையது உட்பட. அவரே கையை வைத்துச் சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவை இடித்தது. உடனே கையை எடுத்துச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

"சரியானதுல ஒத்துப்போகலாம்மா. தப்புலயும் ஒத்துப்போனா உலகத்துல அதுக்கு ஒரே பேருதான்."

மாதக் கடைசிக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் இருவரையும் காப்பி அடித்ததாகப் பதிவு செய்து வெளியே அனுப்புவதாகக் கடிதம் கொடுத்தார்கள். அப்பா போன பிறகு எங்கள் வீடு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது. நான் எம்.ஏ. இரண்டாம் வருடம். அந்தப் பதிவு ஒட்டிக்கொண்டால் இது மாதிரி வேறெந்தக் கம்பெனியும் அவளை வாசலில் சேர்க்காது. அம்மாவுக்குச் சம்பளக் கவலை. அக்காவுக்கு அதைவிட அந்தச் சொல். "பதினோரு வருஷம் பக்கத்து இலையைக்கூடப் பார்க்காம சாப்பிட்டவளை எடுத்துத் தின்னான்னு சொல்றாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பொருமினாள்.

தரம் சார் கெட்டவர் அல்ல. இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ரகசியமாக ஒரு வழி சொன்னார். "ஐநூறு வார்த்தையில ஒரு பத்தை மட்டும் மாத்திப் போடுங்க. பிஸ்கட் ரெண்டு உடைஞ்ச மாதிரி இருக்கும். எல்லாருக்கும் நிம்மதி."

பத்துத் தப்பு போடுவதற்கு அக்கா பட்ட பாடு ஐந்நூறு சரி போடுவதற்குப் பட்டதில்லை. அவள் போடுவதுதான் புத்தகமாகும். எங்கேயோ ஒரு குழந்தை அதைப் பார்த்துத் தப்பாகச் சொல்லி வகுப்பில் சிரிப்புக்கு ஆளாகும். ஆகவே எந்தக் குழந்தையும் தேடவே வாய்ப்பில்லாத சொற்களைப் பொறுக்கினாள். பாய்மரக் கப்பலின் ஏதோ ஒரு கயிறு, குதிரை வண்டிச் சக்கரத்தின் ஏதோ ஒரு பாகம். அவற்றிலும் அசையைத் தொட மனம் வரவில்லை. அழுத்தக் கீற்றை மட்டும் ஓர் அசை தள்ளி வைத்தாள். "இது ரொம்பப் பெரிய தப்பு இல்லல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் நூறு என்றது. தடுப்புக்கு அந்தப் பக்கமும் ஒருவர் அதே குழந்தையை நினைத்திருக்கிறார். அதே பத்துச் சொற்களைப் பொறுக்கியிருக்கிறார். கீற்றை அதே அளவு தள்ளி வைத்திருக்கிறார்.

"தப்பையாவது தனித்தனியா பண்ணக் கூடாதா?" என்று தரம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். இருவரும் நேரில் உட்கார்ந்து, யார் எந்தச் சொல்லைத் தப்பாக எழுதுவது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டுச் சேரவில்லை என்று காட்டுவதற்காகக் கூட்டுச் சேர அனுமதி. அதை எழுத்தில் தந்தார். இருபது நிமிடம், கான்ஃபரன்ஸ் ரூம், கதவு திறந்திருக்கும், நடுவில் தரம் சார்.

அக்கா அன்றைக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனாள். அம்மா கவனித்தாள்.

"வணக்கம்ங்க. நான் ஏழு பி" என்றாராம் அவர்.

"தெரியும்ங்க. கனைப்பு கேட்டிருக்கேன்."

"தொந்தரவா இருந்துச்சுங்களா?"

"இல்லைங்க. நீங்க கனைச்சா, அந்தக் கஷ்டமான வார்த்தைக்கு வந்துட்டீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்."

"பார்த்தீங்களா, சிக்னல்!" என்றார் தரம் சார்.

"சார், அவர் கனைக்கும்போது நான் அந்த வார்த்தையை முடிச்சு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்."

ஏழு பி பட்டியலை மேஜையில் விரித்தார். "தப்பு முழுக்க நானே எழுதிடறேங்க. உங்க பக்கம்தான் புத்தகத்துக்குப் போகுது. அது சுத்தமா இருக்கட்டும்."

"அப்படியே மூணு மாசம் போனா தப்பு ஜாஸ்தின்னு உங்களை அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்ங்க."

"இதை நான் ஒத்துக்க மாட்டேன்."

தரம் சார் துள்ளி எழுந்தார். "இதான்! இதுதான் வேணும்! ரெண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு! யாராவது எழுதிக்கோங்க!"

எழுதிக்கொள்ள அங்கே வேறு யாரும் இல்லை.

அக்கா அப்போதுதான் யாருக்கும் தெரியாமல் இத்தனை நாள் யோசித்திருந்ததைச் சொன்னாள். "சார், பதிப்பகத்துக்காரங்ககிட்ட நானே பேசறேன்."

"நீங்களா? எந்த பாஷையில?"

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் மூன்று வாக்கியம் தயாரானது. நான் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வேலைக்கு வந்த பட்டியல் மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் புள்ளியும் கீற்றும் போட்டு, புறங்கையை வைத்துச் சரிபார்த்தாள். திங்கட்கிழமை ஸ்பீக்கர் போனில் பதிப்பகத்து அம்மா ஒருவர் வந்தார். அக்கா சொன்னாள்: "கிவ் அஸ் நியூ வேர்ட்ஸ். டூ ரூம்ஸ். லாக் போத் டோர்ஸ்." அவ்வளவு சுத்தமான உச்சரிப்பைக் கேட்ட அந்த அம்மா, எதிரே ஒரு பெரிய படிப்பாளி இருப்பதாக நினைத்து ஐந்து நிமிடம் விடாமல் பேசினார். அக்கா தரம் சாரைப் பார்த்தாள். தரம் சார், "யெஸ், யெஸ்" என்றார். சோதனை நடத்துவதென்று முடிவாகிவிட்டது.

அக்கா கான்ஃபரன்ஸ் ரூமில், அவர் ஸ்டோர் ரூமில். இரண்டு கதவுக்கும் பூட்டு. இரண்டு பக்கமும் கேமரா. பதிப்பகத்தில் அன்று காலையில்தான் எழுதிய இருநூறு சொற்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. மதியம் ஒரு மணிக்கு முடிந்தது. இருநூறுக்கு இருநூறு ஒத்துப்போனது. நடுவில் பரீட்சைக்கென்றே நுழைத்த இரண்டு ஃபயர் சொற்களில் இருவரும் ஒரே மாதிரி தப்புப் போட்டிருந்தார்கள். தனித்தனி அறையில், பூட்டிய கதவுக்குள், தங்கள் சொந்த வாயால் போட்ட தப்பு. பதிப்பகத்து அம்மா கை தட்டும் சத்தம் போனில் கேட்டதாம்.

அன்று அக்கா பஸ்ஸில் வரவில்லை. நடந்தே வந்தாள். தெருமுனையில் திரும்பும்போதே மாடியிலிருந்து பார்த்த எங்களுக்கு முகத்தில் எல்லாம் தெரிந்தது. "இனிமே யாரும் சொல்ல முடியாது" என்றாள். அம்மா அவள் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். குதிகாலில் கொப்புளம்.

அடுத்த வாரம் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. தங்கள் சந்தேகம் முழுமையாக நீங்கிவிட்டதாகவும், இருவருடைய நேர்மையை மனமாரப் பாராட்டுவதாகவும் எழுதியிருந்தார்கள். இருவருடைய செவியும் ஒன்றே என்பது அறிவியல் முறையில் நிரூபணமாகிவிட்டதாம். அதற்கு அடுத்த வரி: ஆகவே இரண்டு பேருக்கு அவசியம் இல்லை, ஒருவரே போதும்.

யாரை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கத் தரம் சாருக்கு மனம் வரவில்லை. பிஸ்கட்டில் இப்படி ஒரு நிலைமை வந்ததில்லை. வெளியேற வேண்டியவரின் இருக்கை எண்ணை இருவரும் வழக்கமான வெள்ளிக்கிழமைப் படிவத்தில், தனித்தனியாக, பேசாமல், எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒரே செவி என்பதால் ஒரே பதில்தான் வரும், தன் தலை தப்பிக்கும் என்பது அவர் கணக்கு. படிவங்கள் கம்ப்யூட்டருக்குள் போயின.

பூஜ்யம் என்று வந்தது.

பதினோரு வருடத்தில் முதல் முறை. அக்கா ஏழு ஏ என்று எழுதியிருந்தாள். அவர் ஏழு பி என்று எழுதியிருந்தார்.

தரம் சார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஆறாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது: இருவருக்கும் வேறுபாடு வரும் இடத்தில் ஏ பக்கத்தின் முடிவே இறுதியானது. ஏ பக்கம், ஏ போக வேண்டும் என்று எழுதியிருந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் அந்த வேலைக்கு வந்த பிறகு விதி ஒன்று இவ்வளவு சிரமமில்லாமல் பொருந்தியது அன்றைக்குத்தான். பிரிவுக் கடிதத்தில், 'சக ஊழியருடன் முழுமையாக ஒத்துப்போனதால்' என்று காரணம் போட்டுக் கொடுத்தார்.

"வேலை போச்சும்மா" என்றாள் அக்கா, வாசலிலேயே.

"காப்பின்னு சொல்லிட்டாங்களா?"

"இல்ல. ரொம்ப நேர்மைன்னு சொல்லிட்டாங்க."

அம்மா முழுக்கதையும் கேட்டாள். கேட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டே, திரும்பாமல், "அவரு வீட்டுல எத்தனை பேரு?" என்றாள்.

"தெரியாது."

"உன் வீட்டுல எத்தனை பேருன்னு தெரியுமில்ல?"

அம்மா மூன்றாவது தடவையாக அரிசியைக் களைந்தாள். அக்கா, "அவர் நம்பரை எழுத கை வரலம்மா" என்றாள். "என்னை மாதிரியே இன்னொருத்தர் இருக்கார்னு இப்பத்தான் ஊரே சொல்லுச்சு. அடுத்த வாரமே அவரை நானே அனுப்பணுமா?"

"உன்னை மட்டும் அனுப்பலாமா?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒருவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு துணிப்பையில் அக்காவின் நாற்காலி மெத்தை, தண்ணீர் பாட்டில், பேனா டப்பா. அக்கா எதையும் எடுத்துக்கொள்ளாமல் வந்திருந்தாள். அவர் கனைத்தார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே எழுந்துவிட்டாள்.

உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. நின்றபடியே தொடங்கிவிட்டார்.

"எதுக்குங்க உங்க நம்பரை எழுதினீங்க?"

"நீங்க எதுக்குங்க எழுதினீங்க?"

"நான் எழுதினா அதுல அர்த்தம் இருக்கு. நான் பி. என் பக்கத்தைப் பதினோரு வருஷமா யாரும் படிச்சதில்லை. ஒப்பிட்டுப் பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுடுவாங்க. நான் போனா எந்தப் புத்தகத்துக்கும் நஷ்டம் இல்லை."

"என்கிட்ட கொடுத்திருந்தா நான் படிச்சிருப்பேன்."

அவர் துணிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சரி, அதுக்காக? உங்களுக்குக் குடும்பம் இருக்கு."

"உங்களுக்கு இல்லையா?"

"எனக்கு யாரும் இல்லைங்க."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எப்போ சொல்றது? சுவரைப் பார்த்து நிக்கும்போதா?"

அம்மா அடுக்களையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். "பதினோரு வருஷத்துப் பேச்சை ஒரே நாள்ல பேசித் தீர்த்துடுவாங்க போல. ரெண்டு டம்ளர் தண்ணி கொண்டுபோய் வை. தொண்டை காய்ஞ்சிடும்."

ஐந்து மாதத்தில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. ஏழு பி எனக்கு மாமா ஆனார். சாட்சிக் கையெழுத்து போட வந்த தரம் சார், நாலாம் பக்க விதி இனிமேல் பொருந்தாது என்று தெரிந்தும் ஒரு தடவை இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். பழக்கம். ஒரு வருடத்துக்குள் அந்தப் பிரிவையே மூடி, வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த முகவாய்களுக்கும் ஓய்வு கிடைத்தது. காப்பி அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்தார்கள்.

ஆங்கிலச் சொற்களைத் தவிர உலகத்தில் வேறெதிலும் அவர்கள் இருவரும் ஒத்துப்போனதில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. கடையை எட்டு மணிக்குத் திறப்பதா, ஒன்பதுக்கா. குழம்புக்கு உப்பு போதுமா, போதாதா. ஃபேன் மூன்றிலா, ஐந்திலா. மாமாவுக்கு உடம்பு சூடு, ஐந்து வேண்டும். அக்காவுக்குக் காகிதம் பறக்கும், மூன்று போதும். அவள் மூன்றில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் ஐந்தில் வைப்பார். பன்னிரண்டு வருடம். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் மீதிச் சில்லறைக்காக நிற்பது போல் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். "ஒத்துப்போகவே மாட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டபோது, "ஒத்துப்போனதுக்குத்தான் இவங்களை வேலையை விட்டு அனுப்பினாங்க" என்றார் மாமா. அன்றைக்கு மட்டும் அக்கா அவரை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

நோய் எட்டு மாதம் இருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் அவர்களுக்குள் கடைசிச் சண்டை. நர்ஸ் வந்து பாதி திறந்து வைத்தாள். இருவருக்கும் அது பிடிக்கவில்லை.

மாமா இப்போது கடைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். அம்மா, "மாப்பிள்ளை, மதியம் சாப்பிட இங்க வந்துடுங்க" என்றால் சரி என்கிறார். "வேண்டாம், கொடுத்தனுப்பறேன்" என்றாலும் சரி என்கிறார். குழம்பில் உப்பு போட மறந்தது அம்மாவுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி அனுப்பியிருந்தார்.

நேற்று சாப்பாடு கொண்டுபோனேன். நல்ல வெயில். சட்டை முதுகில் ஒட்டியிருக்க அவர் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் ஐந்துக்குத் திருப்பினேன். அவர் எழுந்து வந்து, திரும்பவும் மூன்றில் வைத்தார்.

"காகிதம் பறக்கும்" என்றார்.